நீ கொண்டுவந்த பன்னு

வாயில் பஞ்சு. கிராம்புத் தைல வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. இன்று காலை இன்னொரு கடைவாய்ப் பல்லும் போய்விட்டது. ஈஸிசேரில் சாய்ந்து கிடக்கிறேன். ரத்தம் நிற்கும்வரை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் பேசாததால் இந்த ஊரில் யாருக்கும் நஷ்டமில்லை.

சற்று முன் பக்கத்து வீட்டு அம்மாள் சுவரோரம் வந்து என் மனைவியிடம் விசாரித்தாள்.

"சாருக்கு இன்னாங்க?"

"பன்னுங்க. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல."

"அதுக்கின்னா, பேக்கரி பக்கம்தான் போய்கினு இருக்கேன், வாங்கியாறேன். ஜாம் வச்சதா, சும்மாவா?"

விஷயம் புரிந்ததும் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் முகம்தான் வந்தது.

என் மனைவி ஆந்திரப் பக்கத்து நகரிக்காரி என்பது உனக்குத் தெரியும். எத்தனை வருஷம் தமிழ் பேசினாலும் உடம்பு வலி மட்டும் அவள் வாயில் தெலுங்கில்தான் வரும். பல்லைப் பன்னு என்றுதான் சொல்வாள். எனக்கு அது பழகிப் போனது. திருவாலங்காட்டிலிருந்து வந்த உனக்கோ 'ஏமண்டி'க்கு மேல் தெலுங்கு கிடையாது.

பல வருஷத்துக்கு முன் எனக்கு முதல் பல் வலி வந்தபோது நாம் பேச்சை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. ஒரே பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டு, முகம் பார்க்காமல் இருந்தோம். தலைமை ஆசிரியர் பதவி எனக்கு வரவேண்டிய வருஷம், நிர்வாகக் கூட்டத்தில் என்னைப் பற்றி உன்னைக் கேட்டார்கள். நீ மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "நான் சொல்லி இன்னாப்பா ஆவப் போவுது?" என்றாய் பிறகு. அதை மன்னித்துவிட்டேன் என்று இப்போதும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதல் பல்லை எடுத்த அன்று மத்தியானம் நீ வந்தாய். மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். இதே ஈஸிசேர், இதே பஞ்சு. செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வாசலில் நின்று, "இன்னா வாத்தியாரே, பன்னு பன்னுனு கேக்கிறியாமே?" என்றாய். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாய். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாய். "அடப்பாவி, கன்னத்தையே பன்னு மாதிரி வச்சிகினு கீற, உனக்கு எதுக்குப்பா இது?" என்று உன் வழக்கப்படி வீடு அதிரச் சிரித்தாய்.

பல் பிடுங்கியவனைப் பார்க்கப் பன்னோடு வருகிறவன் வேறு எதற்கு வருவான்? கேலி செய்யத்தான் என்று நினைத்தேன். பொட்டலத்தைக் கையால் ஒதுக்கினேன்.

உன் சிரிப்பு நின்றது. "ஒரு வார்த்தை பேசுப்பா. திட்டியாவது பேசு" என்றாய். பஞ்சைத் துப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிய சத்தம் கேட்டது. மனைவி திரும்பியதும் அதைத் தெருவில் போன மாட்டுக்குப் போடச் சொன்னேன். யார் கொண்டுவந்தது என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு அரக்கோணம் போனாய். ஒரு ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், காவடிகளுக்கு நடுவே, உன்னைத் தூரத்தில் பார்த்தேன். நீயும் பார்த்தாய். கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு நீ இறந்துபோன சேதிதான் வந்தது.

இன்று பஞ்சை எடுத்ததும் மனைவியைக் கேட்டேன். அந்த முதல் பல் வலியின்போது உன்னை எங்காவது பார்த்தாளா, என்ன சொன்னாள் என்று.

"மார்க்கெட்ல பாத்தேன். உங்களைத்தான் விசாரிச்சாரு. 'அவருக்குப் பன்னுங்க, ஒண்ணும் சாப்பிடல'ன்னேன். பாவம், மூஞ்சி தொங்கிப் போச்சு அவருக்கு. ஏன் கேக்கிறீங்க?"

காய்ச்சலில் பன்னும் பாலுமாகக் கிடக்கிறேன் என்று நினைத்து வந்திருக்கிறாய்.

பக்கத்து வீட்டு அம்மாள் உண்மையிலேயே வாங்கி வந்துவிட்டாள். மனைவி அதைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். சாப்பிட முடிகிறது. அன்றும் முடிந்திருக்கும்.

நிர்வாகக் கூட்டத்தில் நீ வாயை மூடிக்கொண்டிருந்தது என் மனதை விட்டுப் போகாது. ஆனால் இனி அதை நினைக்கும்போதெல்லாம் ஜன்னலில் இருந்த பொட்டலமும் கூடவே வரும். கன்னம் இன்றும் நன்றாகத்தான் வீங்கியிருக்கிறது. நீ இருந்தால் அதையேதான் சொல்லிச் சிரித்திருப்பாய்.