முதல் ஆயிரம் மைல்

மாமாவுக்கு,

ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கட்டிய கணவருக்குக் கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் எனக்கு வாய் வராது.

உடம்பு தேறி வருகிறது. பால்தான் இன்னும் நிற்கவில்லை. அது வற்றட்டும் என்று அம்மா மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுகிறாள்.

நம் புதுக் கார் இப்போது ஆயிரம் மைல் முடித்திருக்கும். இனி நீங்கள் விரட்டி ஓட்டலாம். புது இஞ்சினை மெல்லப் பழக்குவதா, விரட்டிப் பழக்குவதா என்று பக்கத்துத் தோப்புக்காரர்களோடு வாதாடியபோது, படித்தவள் என்று என்னைத்தான் காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னீர்கள். முப்பது மைல் வேகத்தைத் தாண்ட வேண்டாம் என்று வாசித்தேன். அவசரத்துக்குச் சற்று நேரம் விரட்டலாம் என்பதையும் வாசித்தேன். அதற்குள் ஜெயித்த சந்தோஷத்தில் எழுந்து போய்விட்டீர்கள்.

பிரசவத்தன்று நான் வலியோடு பின்ஸீட்டில் கிடந்தேன். "மாப்ள, கொஞ்சம் வெரசா ஓட்டுங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"புது இஞ்சினுங்க அத்தை. இப்ப முடுக்குனா காலத்துக்கும் ஆயில் குடிக்கும்" என்றீர்கள்.

மாங்காய் லாரி ஒன்று நம்மைத் தாண்டியது. "ஏனுங்ண்ணா, எறங்கித் தள்ளி உடட்டுங்களா?" என்று கிளீனர் கத்தினான். நீங்கள் சிரித்தீர்கள்.

இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். குழந்தை அழவில்லை என்பது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. நான் கண் விழிப்பதற்குள் அதை நம் தோப்புக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

என்னை அழைத்துப்போக எப்போது வருவீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. தோப்பில் குழந்தை எந்த மரத்தடியில் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

எருத்தேன்பதியிலிருந்து,
உங்கள் மனைவி