ஆறு வாளுக்கும் பதினான்கு

பிப்ரவரி 4

வாயாடி மகளுக்கு,

அப்பா சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே சொல்லிக்கொண்டு இதை எழுதுகிறேன். உங்கள் நாடகத்துக்கு நீ கேட்ட ஆறு வெண்கல வாள்களும் இன்று பெட்டியில் ஏறிவிட்டன. பெட்டியை நீ தூக்காதே, இரண்டு ஆள் வேண்டும். வாளைப் பிடியைப் பற்றி எடு, நுனியைப் பற்றி இழுக்காதே. பெட்டியைத் திறக்கும் முறையை மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். திறந்தால்தானே அதைப் படிக்க முடியும் என்பது ஆணி அடித்த பிறகுதான் உறைத்தது.

உலோகச் சோதனைக்கூடத்தில் முப்பத்தாறு வருடம், பிறர் வார்த்ததில் குறை கண்டு சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வுக்குப் பிறகு நானே வார்க்கக் கிளம்பியது தைரியமா, திமிரா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் பழைய முறையிலிருந்து இம்மியும் விலகவில்லை. மெழுகில் வாள் செய்து, அதன் மேல் மூன்று பூச்சு களிமண். ஒன்று நிழலில் காய்ந்த பிறகே அடுத்தது. சூடு காட்டி மெழுகை வெளியேற்றி, அச்சை நுனி கீழாக மணலில் நிறுத்தினோம். ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் உருக்கி, உலைக்காரர் ஊற்றினார். நான் நொடி எண்ணினேன்.

ஊற்றும்போது தாரை நடுவில் அறக்கூடாது. அறுந்தால் முதலில் விழுந்தது தோல் கட்டிவிடும். பிறகு விழுவது அதோடு ஒட்டாமல் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

ஒளிக்காமல் எழுதுகிறேன். நாலாவது வாளின்போது உலைக்காரருக்கு இருமல் வந்து கை ஒரு நொடி நின்றது. உடைத்து மறுபடி உருக்கிவிடலாம் என்றேன். "தட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம் சார்" என்றார். நூலில் தொங்கவிட்டு, மரச்சுத்தியால் தட்டி, ஒலி அடங்கும்வரை எண்ணுவதுதான் எங்கள் வழக்கம். உள்ளே பிளவு இருந்தால் ஒலி சட்டென்று அடங்கிவிடும். பதினான்கு வந்தது. மற்ற ஐந்துக்கும் பதினான்கு. ஆறும் ஒரே எண்ணாக அமைவது அபூர்வம் என்று நோட்டில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

போன் செய்யாதே, லைன் கரகரவென்கிறது. எழுது.

அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

பெட்டி வந்தது. நீங்கள் அடித்த ஆணிகளை எண்ணினோம், நாற்பத்திரண்டு. மூன்று பேர் ஒரு மணி நேரம் போராடினார்கள். "உங்கப்பா வாள அனுப்பினாரா, புதையல அனுப்பினாரா?" என்று உங்கள் மாப்பிள்ளை கேட்கிறார்.

வாள்கள் அழகு. இத்தனை நாள் தகரம் சுற்றிய கட்டையோடு சண்டை போட்டவர்களுக்கு இந்தக் கனமே ராஜ மிடுக்கைக் கொடுத்துவிட்டது. மோதும்போது ஒலி அரங்கின் கடைசி வரிசைவரை போகிறது. நாலாவது மட்டும் சாது. மற்றவை காதுக்குள் ஊசி ஏற்றினாற்போல் கிண்ணென்னும். அது 'தொப்' என்பதோடு சரி. எனக்குத் தலைவலி வராமல் இருக்கட்டும் என்று அதையே நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சியில் நான் மேடைப் படியிலிருந்து குதித்து, முழு பலத்தோடு உங்கள் மாப்பிள்ளை தலைக்கு மேல் வாளை இறக்குவேன். அவர் தம் வாளைக் குறுக்கே பிடித்துத் தடுப்பார். ஒத்திகையில் இப்போதைக்குப் பாதி பலம்தான். "மாமனார் வார்த்த வாளால மருமகன் காலின்னு பேப்பர்ல வரப்போவுது" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார். மார்ச் பதினான்காம் தேதி முதல் காட்சி.

அக்டோபரில் நான் போனில் சொன்ன விஷயத்தைப் பற்றி இந்தக் கடிதத்திலும் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. போகட்டும்.

மகள்


மார்ச் 1

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதம் கையில் கிடைத்தவுடன் நாலாவது வாளைத் தனியே எடுத்து வைத்துவிடு. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். காரணத்தைப் படிப்பதற்கு முன் எடுத்து வைத்துவிடு.

போன வாரம் ஊதல் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உலைக்காரர் தெருவிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தார். "என்ன சார் இது? தெருமுனை வரைக்கும் கத்துது, நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க!"

காது டாக்டர் ஒரு கோடு வரைந்து காட்டினார். அது பாதி வழியில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்குகிறது. "மணிச் சத்தம் மாதிரி மேல் சுருதியில இருக்கறதெல்லாம் போயிடுச்சு. பேச்சிலயும் பாதிதான். எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார். தெரியலீங்க என்றேன். தெரியும். ஒரு வருடமாகும். சொன்னால் வார்க்க விடமாட்டார்கள், வீட்டில் தனியாக இருக்கவும் விடமாட்டார்கள் என்ற பயம். அதனால்தான் லைன் கரகரப்பு.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போய் உலைக்காரரிடம் கேட்டேன்.

"நாலாவதைத் தட்டினப்போ சத்தம் எப்படி இருந்துச்சு?"

"எனக்கென்ன சார் தெரியும்? முப்பது வருஷம் ஊதுலை பக்கத்துல நின்ன காது இது. நீங்க எண்ணினீங்க, பதினாலுல நிறுத்தினீங்க. சரின்னு தலையாட்டினேன்."

"நீங்க தலையாட்டினதாலதான் நான் நிறுத்தினேன்."

ஆறு வாளுக்கும் ஏன் ஒரே எண் என்பது அப்போதுதான் புரிந்தது. நானும் அவரும் மாறி மாறித் தலையாட்டிய கணக்கு அது.

பட்டறையிலிருந்து திரும்பினால் வாசலில் உன் கடிதம். 'தொப்' என்ற சொல்லைப் படித்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்தேன். வெண்கலம் தொப்பென்று சொல்லாது. உள்ளே பிளவு இருந்தால்தான் சொல்லும். அது வாளின் நடுவில் இருக்கும். முழு பலத்தில் அடித்தால் நுனிப் பாதி பறக்கும். எதிரே நிற்பது யார் என்று நீயே எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் உனக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது, காட்சிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

இன்னொன்று. அக்டோபரில் நீ சொன்ன விஷயம் எனக்குக் கேட்கவில்லை. உன் குரலில் ஒரு வேகம் இருந்தது. நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டேன். திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்போது கேட்கப் பயமாக இருக்கிறது. போன தடவை வாயாடி என்று கையெழுத்துப் போடாமல் மகள் என்று மட்டும் போட்டிருந்தாய். அதையும் கவனித்தேன்.

அப்பா


மார்ச் 8

கண்ணு,

பதில் வரவில்லை. கடிதம் போய்ச்சேர ஒன்பது நாள் ஆகும் என்று தெரியும். ஆனாலும் தபால்காரரை வாசலில் மறித்துக் கேட்டேன். என் பயத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

இன்று காலை பத்தரைக்கு உங்கள் ஒத்திகைக் கூடத்துக்கு நானே போன் செய்தேன். எண்ணை நாலு தடவை சரிபார்த்தேன். ஐந்தாவது தடவை பார்க்காதது இப்போது உறுத்துகிறது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். "நாலாவது வாள எடுக்காதீங்க. அது உடையும். என் பொண்ணுகிட்ட சொல்லுங்க." மூன்று முறை. அந்தப் பக்கம் ஏதோ ஒரு குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை. தப்பு எண்ணில் யாரோ ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ. நீயாகவே இருந்து ஏதாவது கேட்டிருந்தால், அதற்கும் நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

உலைக்காரர் தம் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார், வரப் பத்து நாளாகும். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம் என்பது போனை வைத்த பிறகுதான் தோன்றியது. உடனே போய்க் கூப்பிட்டேன். அவர் செய்து பார்த்தார். யாரும் எடுக்கவில்லையாம். ஏன் எடுக்கவில்லை? ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்களோ என்று அவரிடமே கேட்டேன். "சாப்பிடப் போயிருப்பாங்க சார்" என்றார்.

நோட்டில் அந்த அடிக்கோட்டை அழித்துவிட்டேன். தாள் கிழிந்துவிட்டது.

அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இதை முதலில் படித்துவிடுங்கள், மற்றதை மெதுவாகப் படியுங்கள்.

எட்டாம் தேதி போனை எடுத்தது உங்கள் மாப்பிள்ளை. "சரிங்க மாமா, புரிஞ்சுது மாமா" என்று தொண்டை கிழியக் கத்தினார். நீங்கள் "யாரா இருந்தாலும் சரிங்க, என் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மருமகனுக்குப் புண்ணியம் கிடைத்தது அதுதான் முதல் தடவை என்று கூடமே சிரித்தது.

அன்றுதான் முழு பலத்தோடு முதல் ஒத்திகை. பதினொரு மணிக்கு ஆரம்பிப்பதாக இருந்தது.

நீங்கள் செய்வதுபோல் ஆறையும் நூலில் தொங்கவிட்டுத் தட்டினோம். பதினாறு, பதிமூன்று, பதினைந்து, பதிமூன்று, பதினாறு. நாலாவது, ஒன்று என்று சொல்வதற்குள் அடங்கிவிட்டது. மேசையில் முடுக்கிய இரும்புக் குறட்டில் மாட்டி அவர் ஒரே அடி அடித்தார். நுனிப் பாதி சுவரில் பட்டு விழுந்தது. உடைந்த இடத்தில் ஓரம் மட்டும் பொன்னாக இருந்தது, நடு முழுக்கக் கறுப்பு. அவர் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வாளை வைத்து நாடகத்தை நடத்திக்கொள்கிறோம்.

உங்கள் மார்ச் முதல் தேதிக் கடிதம் நேற்றுதான் வந்தது. காது விஷயத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு வருடமாக நான் பேசியதற்கெல்லாம் 'சரிம்மா, சரிம்மா' என்று நீங்கள் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். அதில் ஒன்றை மட்டும் ஐந்து மாதமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்குத்தான் அது தெரியாது.

குழந்தை உண்டாகியிருந்தது. ஐந்தாம் மாதம் நிலைத்ததும் சொல்லி உங்களை அசத்தலாம் என்று காத்திருந்தேன். அக்டோபரில் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது, சொல்வதற்கு வேறு செய்தியாகிவிட்டது. "குழந்தை தங்கலப்பா" என்று சொன்னேன். நீங்கள் "ரொம்ப சந்தோஷம்மா" என்றீர்கள்.

இப்போது எழுதிவிட்டேன், அப்பா. லைன் கரகரப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கு என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை எழுதி அனுப்புங்கள்.

வாயாடி