அப்பாவுக்கு மிஞ்சிய சொல்

"அது துதியில்லம்மா, வியாதி!" என்று காலையில் நீ கத்தியது மாடி வீட்டு டீச்சரம்மா வரை எட்டிவிட்டது. நானே போய் வம்பளந்திருந்தாலும் இவ்வளவு வேகமாகச் சேர்ந்திருக்காது.

சின்னவளே, மருந்துக்கடைக்குப் போகிறேன். அப்பா தூங்குகிறார். கஞ்சி அடுப்பின்மேல் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது "ஸ்தோத்திரம்" என்ற ஒரே சொல்தானே. மெதுவாகச் சொன்னால் தண்ணீர் கொடு. இழுத்துச் சொன்னால் புரட்டிப் படுக்கவை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் திட்டுகிறார், யாரையென்று கேட்காதே.

நாலு மணிக்குப் போதகர் வருவார். படுக்கையிலும் துதிக்கிற மனுஷன் என்று அப்பாவை ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் சாட்சியாக உட்காரவைக்க அவருக்கு ஆசை. நானும் பெருமையில் தலையாட்டிவிட்டேன். முடியாதென்று நீயே சொல்லிவிடு. அங்கே அப்பா தாகத்தில் தவித்தாலும் கூட்டம் ஆமென் போடும்.

இன்னொன்று: நீ கத்திவிட்டு வேலைக்குப் போனதும் நான் அழுதேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அதே சொல்லைச் சொன்னார். மேலே எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

மறந்துவிட்டேன், டீச்சரம்மா மகளின் கல்யாணம் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்கிறாராம். இனி நாம் கத்தினால் கேட்கக் கர்த்தர் மட்டும்தான். அவருக்கும் அந்த டீச்சரம்மாவின் காது இருக்கட்டும்.