வாயில் படாத நூல்

அக்கா,

அரை மணி நேரமாக வாய்க்குள் ஒரே ரத்த ருசி. ஆம்பூர் பஜாரில் பல் டாக்டரம்மா என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, ஒரு மணி நேரம் கடித்துக்கொண்டே இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். துப்பக்கூடாது. நாக்கால் குழியைத் துழாவக்கூடாது. இன்றைக்கு ஆறின கஞ்சிதான். உப்புத் தண்ணீர் நாளைக்குத்தான், அதையும் வாயில் வைத்து மெள்ளச் சாய்த்துவிட வேண்டும். எல்லாம் சரி, பேசக்கூடாது என்றாரே, அதுதான் பெரிய பேஜார். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நீ இருந்திருந்தால் நான் வாய் மூடிய சந்தோஷத்தில் தெருவுக்கே மிட்டாய் கொடுத்திருப்பாய்.

கை சும்மா இருந்தால் நாக்கு குழிக்கே போகிறது என்று, ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற ஊசியை எடுத்தேன். பழக்கத்தில் நூல் நுனியை உறிஞ்ச உதட்டுக்குக் கொண்டுபோனேன். அப்படியே நின்றுவிட்டது கை.

"எதையும் உறிஞ்சாதீங்கம்மா. குழியில உறைஞ்ச ரத்தம் பிச்சிக்கிட்டா எலும்பு வெளிய தெரியும். உயிர் போற வலி வரும்" என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கூடவே நீ வந்தாய்.

நீ பல் பிடுங்கிக்கொண்ட மறுநாள். ஷூ கம்பெனியில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிற பெஞ்சு. எனக்குக் கண் மங்கல். ஊசி கோத்துத் தருவது எப்போதும் நீதான். அன்றைக்கும் நீட்டினேன்.

"கோத்துக் குடுக்கா. பல்லுதான போச்சி, கண்ணு இருக்குதில்ல?"

முறைத்தாய், ஆனாலும் வாங்கிக்கொண்டாய். நூலை வாயில் வைத்து உறிஞ்சி, நுனியைக் கூராக்கிக் கோத்துக் கொடுத்தாய். ஒரு முறையா? சாயங்காலம் வரைக்கும்.

இரண்டு நாளில் காதுவரைக்கும் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாய். நான் என்ன செய்தேன்? "இன்னாக்கா, கன்னத்துல பன்னு ஒளிச்சி வெச்சிக்கினியா?" என்று பெஞ்சையே சிரிக்கவைத்தேன். நீயும் சிரிக்கப் பார்த்தாய். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பில் வந்த தண்ணீர் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மறுபடி டாக்டரிடம் போய்க் குழியில் மருந்து வைத்துக்கொண்டு வந்தாய். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு தோல் துண்டில் பத்துப் பன்னிரண்டு ஊசி குத்திக்கொண்டு வருவாய். நூல் நுனியில் மெழுகு தடவி, முறுக்கி, எல்லாம் கோத்தது.

"ஊசிக்கெல்லாம் கல்யாணமாக்கா?" என்றேன்.

"இனிமே வூட்லயே கோத்து எடுத்தாறேன். நீ கேக்கவே வேணாம்டி."

அவ்வளவுதான். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? உன் டாக்டர் சொல்லாமலா விட்டிருப்பார்? அதைக் கேட்கத்தான் இந்த நடை நடக்கிறேன். போன மாசியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ திரும்பவில்லை. யாரைக் கேட்பேன்?

பெட்டியைத் திறந்தேன். நீ கடைசியாகக் கொண்டுவந்த தோல் துண்டு இருக்கிறது. தைக்க மனசு வராமல், அன்றிலிருந்து நானே நூலை உறிஞ்சிக் கோத்துக்கொண்டு, மீதி வைத்த ஊசிகளும் அதில் அப்படியே இருக்கின்றன.

அன்றைக்கு மூடியிருக்க வேண்டிய வாயை இன்றைக்குப் பஞ்சு வைத்து மூடியிருக்கிறேன், அக்கா. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், வாயில் நூல் படக்கூடாது. மூன்று ஊசி இருக்கிறது. மூன்றும் நீ கோத்தது.