ஆந்தை இருந்த முதுகு

பேக்கர்ஸ்பீல்ட், அக்டோபர் 1974

அன்புள்ள அம்மாவுக்கு வெர்னன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். வண்டியிலிருந்து விழுந்ததில் இடது கை விரல்கள் மடங்கவில்லை, அவ்வளவுதான். கிளட்ச் பிடிக்க முடியாது.

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப் தலைவன் டுவெய்ன் நேற்று என் தையல் கடைக்கே வந்துவிட்டான். "வண்டி ஓட்டாதவன் முதுகுல நம்ம கிளப் ஆந்தைச் சின்னம் எதுக்குடா? நீ தச்சதுதானே, நீயே பிரிச்சுக் குடு."

பிரித்துக் கொடுத்தேன். ஒன்பது வருட வெயிலில் என் ஜீன்ஸ் மேல்சட்டை வெளுத்துவிட்டது. சின்னம் இருந்த இடம் மட்டும் கருநீலமாக, இன்னும் ஆந்தையாகவே இருக்கிறது. சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை.

அப்பாவின் கோட்டு இருந்தால் அனுப்புங்கள். இங்கே குளிரில்லை, முதுகை மறைக்கத்தான்.

டுவெய்ன் புது ஆள் ஒருவனோடு வந்து நிற்கிறான். கையில் என் ஆந்தை. அதை அந்தப் புது ஆளின் முதுகில் நான் தைக்க வேண்டுமாம். நிறுத்துகிறேன்.

வெர்னன்