சாம்பல் தண்ணீரில் ஊறிய இறகு

மார்ச் 3, திங்கள்

யோங்காபி போய் முப்பத்தொன்பது நாள். புருஷனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நாத்தனார் பிஹ் என் முகத்தையே பார்க்கிறாள். பார்க்கட்டும்.

சனிக்கிழமை அவள் மகன் டோ வருகிறான். எங்கள் ஊரில் மாமன் சொத்து மருமகனுக்குத்தான். வீடு, காபித் தோட்டம், அந்தத் தொப்பி, எல்லாம். நான் இங்கே இருக்கலாமா என்பதும் இனி அவன் வாயில்.

“அண்ணி, தொப்பியத் தொவைச்சு வைங்க. சனிக்கிழம அவன் தலையில வைக்கிறப்ப ஊரே பாக்கும்.”

மார்ச் 5

சாம்பல் தண்ணீரில் ஊறப் போட்டேன். இறகைக் கழற்றவில்லை.

காட்டில் தீப்பிடித்தபோது அவர் முன்னால் நின்று அணைத்ததற்காக அரசர் தம் கையால் தொப்பியில் செருகிய துராக்கோப் பறவை இறகு. பதினாறு வருட மழையில் போகாத சிவப்பு, சட்டியில் இறங்கிக் கிடந்தது. சாம்பல் தண்ணீர் அதற்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? எங்கே போயிற்று என் புத்தி?

பயம் வர வேண்டும். அதுவும் வரவில்லை.

மார்ச் 6

“ஐயையோ! குடியக் கெடுத்தீங்களே அண்ணி! இதுக்கே உங்களத் தொரத்திடுவாங்க!” பிறகு பிஹ் குரலைத் தாழ்த்தினாள். “கண்ணி வைக்கச் சொல்லட்டா? ஒரே நாள்ல புது எறகு.”

அந்தப் பறவைக்குக் கண்ணி வைத்தவன் சட்டையைப் பிடித்த மனுஷன் அவர். வேண்டாம் என்றேன்.

மார்ச் 7

தோட்டத்துக்கு மேலே துராக்கோ கத்தியது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 8

காலையில் டோ வந்ததுமே தொப்பியை நீட்டினேன். “நான்தான் பாழாக்கினேன்.” வாங்கி உள்ளே கொண்டுபோனான்.

மதியம் ஊர் கூடிய முற்றத்தில் பெரியவர் கேட்டார்: “ஏண்டா, எறகு ஏன் சோகை புடிச்சுக் கெடக்கு?”

பயம் அப்போதுதான் வந்தது. டோ முந்திக்கொண்டான்.

“நான்தான் தாத்தா. பளபளன்னு இருக்கட்டும்னு காலையில ஊறப் போட்டேன்.”

“வந்ததும் வராததுமா மாமன் மானத்தக் கழுவி ஊத்திட்டான் பாரு!” முற்றமே சிரித்தது. இரண்டு பானை பனங்கள்ளோடு அரண்மனைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். டோ தலைகுனிந்து நின்றான். ஏன்டா, உனக்கென்ன தலையெழுத்து?

மார்ச் 20

அடுப்படி இன்னும் என்னுடையதுதான். காலையில் டோ அழுக்குச் சட்டைகளைக் கொண்டுவந்து போட்டான்.

“அத்தை, இதுல எறகு கிறகு ஒண்ணும் இல்ல. தைரியமா ஊறப் போடுங்க.”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்தது. யோங்காபி, யோங்காபி என்று கத்தியிருக்கிறேன். பயந்துபோய் அவன் அம்மாவைக் கூப்பிட ஓடினான்.

சட்டைகள் இன்னும் ஊறிக்கொண்டிருக்கின்றன.