றீற்றாவின் பெயரை விட்ட பட்டியல்

2007 பெப்ரவரி 11, ஞாயிறு

கொளுத்தும் வெயில். காலையில் உடுப்புத் தோய்த்தாயிற்று. வாங்க: சவர்க்காரம், சீனி, போன் கார்ட்.

மத்தியானம் 155 பஸ், மட்டக்குளி. இந்த ராப் ஷோக்கள் எல்லாம் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிந்துவிடும். இருட்ட முன் ஆட்கள் செக்பொயின்ற் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலில் வந்து ஆறு மாதம். வகுப்பில் கூடப் படிக்கிற ரவின் அண்ணா ஷோ நடத்துகிறவர். அவர் கூப்பிடும்வரை கொழும்பு என்றால் எனக்கு வெள்ளவத்தை, காலி வீதி, அக்கவுண்டிங் வகுப்பு, வீட்டுக்கார அன்ரியின் கேற். இவ்வளவுதான். ஷோவுக்குப் போய்த்தான் பொரளை பழகினது. இன்றைக்கு மட்டக்குளி. தொடர்மாடிகளுக்கு நடுவில் வெறும் நிலம், மீன் வாடை, இரண்டு ஸ்பீக்கர். மாடியில் உடுப்பு எடுக்க வந்த பெண்கள் எடுத்த உடுப்போடு அப்படியே நின்று கேட்டார்கள்.

றீற்றா பாடினாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. பார்மசியில் வேலை. என்னைவிட இரண்டு வயது குறைவு, தாய் தகப்பன் ஹற்றன் பக்கம். பாட்டு என்ன? 155 நிற்கிற இடங்களைக் கொண்டக்டர் கத்துகிற மாதிரி வரிசையாக. ஒவ்வொரு தரிப்பிலும் ஓர் ஆள் ஏறும், அந்த ஆளின் கதை. தமிழ், சிங்களம், திரும்பத் தமிழ். சனம் துள்ளியது.

எனக்கு வயிறு எரிந்தது. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். அவளுக்கு இந்த ஊர் முழுக்கச் சொந்தம். நான் இறங்குகிற இடத்தைச் சொன்னால் கொண்டக்டர் இரண்டாம் தரம் கேட்கிறான்.

பெப். 18, ஞாயிறு

இரத்மலானை. எயார்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கோடவுன். தகரக் கூரை, உள்ளே ஒரே வெக்கை. பஸ்ஸில் கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்தி என்னை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே போனான், இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

பாட்டு நடுவில் விமானப்படை விமானம் ஒன்று எழும்பியது. பீற்றை நிறுத்தி, அது போன பிறகு விட்ட சொல்லிலேயே தொடங்கினார்கள். எல்லாருக்கும் சிரிப்பு. வடக்கே, எங்கட பக்கம்தான் போகிறது என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் போன் எடுத்தேன். லைன் இல்லை.

திரும்பி வர றீற்றா மேடையில். கையில் ஒரு வரியும் எழுதி வைத்துக்கொள்வதில்லை அவள். நான் கொப்பி கொப்பியாக எழுதுகிறேன்.

ரவின் அண்ணாவிடம் ஒருவாறு கொப்பியைக் காட்டினேன். கப்பல் பயணம் பற்றின பாட்டு. வாசித்தார், இரண்டு தரம்.

"வரி நல்லா இருக்கு. ஆனா உம்மட கதை இங்கத்தைச் சனத்துக்குப் பிடிபடாது. றீற்றாட்டக் குடுத்துப் பாடச் சொல்லட்டோ?"

வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் போல. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பெப். 22, வியாழன்

மழை வருமாப்போல, வரவில்லை. வகுப்பில் தேய்மானம், விளங்கவில்லை.

மார்ச் 4 கொட்டாஞ்சேனையில் பெரிய ஷோ. ஹோல் தருகிறவர் ஒரே பிடி: மேடை ஏறுகிற, உதவி செய்கிற எல்லாருடைய பெயர், அடையாள அட்டை நம்பர், விலாசம் எழுதி முன்கூட்டியே பொலிசுக்குக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஆள் மேடை ஏறக் கூடாது. ரவின் அண்ணா விபரக் கடதாசி எல்லாவற்றையும் என்னிடம் தந்தார். "உம்மட கையெழுத்து வடிவு. நீரே எழுதும்."

பதினொரு பேர். உதவி ஆள் என்று கடைசியில் நான். பத்துப் பேர்தான் எழுதினேன். றீற்றாவை மறந்துவிட்டேன்.

மேலே உள்ள வரி பொய். அவளுடைய கடதாசியைக் கையில் எடுத்து, விலாசம் வாசித்து, கொப்பிக்குள் வைத்தேன். ரவின் அண்ணா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 4, ஞாயிறு

ஹோல் வாசலில் காவலாளி விரல் வைத்துப் பட்டியல் பார்த்தார். மேலிருந்து கீழே, திரும்பவும் மேலிருந்து. "ஒங்க பேரு இல்லையே மகள்."

ரவின் அண்ணா தலையில் கை வைத்தார். நான் "ஐயோ" என்றேன். நல்லாகத்தான் நடித்தேன். றீற்றா, "பரவால்லக்கா, அடுத்த வாட்டி" என்றுவிட்டுச் சனத்தோடு உள்ளே வந்து பின்வரிசையில் நின்றாள். சொந்த ஒழுங்கையில் இருந்து வந்த சனம், அவளுக்காக வந்தது.

அவளுடைய நேரத்தை ரவின் அண்ணா எனக்குத் தந்தார். நாலு நிமிடம். கப்பல் பாட்டைப் பாடினேன். முடிய, கை தட்டினார்கள், மரியாதைக்கு. பிறகு ஒருவன், "றீற்றா எங்கடா?" என்று கத்த எல்லாரும் பின்னுக்குத் திரும்பினார்கள். அவள் எனக்குத்தான் கை தட்டிக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே கை தூக்கி.

மேடையில் நின்றதே நான்தான். அப்போதும் பொறாமை எனக்குத்தான்.

மார்ச் 8, வியாழன்

பின்னேரம் பொலிஸ் வந்தது. இரண்டு பேர். கையில் என் கையெழுத்தில் அந்தப் பட்டியல். யாழ்ப்பாண அடையாள அட்டை, எப்ப வந்தது, ஏன், யாரைத் தெரியும். சிங்களத்தில் அன்ரிதான் பதில் சொன்னா. எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டியலில் இருக்கிற எல்லார் வீட்டுக்கும் போனார்களாம்.

அன்ரி தேத்தண்ணி ஊற்றித் தந்தா. "பிள்ளை, குறை நினையாதையும். மாச முடிவுக்கிடையில வேற இடம் பாரும். எனக்கும் குமர்ப்பிள்ளையள் இருக்கு."

மார்ச் 9, வெள்ளி

இரண்டு இடம் கேட்டேன். "அறை இருக்கு" என்பார்கள். அடையாள அட்டையைப் பார்த்தால் அறை இல்லை. இடம் இல்லாவிட்டால் பொலிஸ் பதிவு இல்லை, பதிவு இல்லாவிட்டால் கொழும்பு இல்லை. ஊருக்குத் திரும்பிப் போக, சண்டையால் பாதையும் பூட்டு.

மார்ச் 10, சனி

றீற்றா வந்தாள், வேலை உடுப்போடு. வாழைப்பழம் ஒரு சீப்பு.

"அக்கா, எங்க வீட்டுக்கு வந்துருங்க. எங்க அண்ணன ஏற்கெனவே ஒருக்கா பொலிஸ் புடிச்சிட்டுப் போயி, பொறகுதான் விட்டாங்க. லிஸ்ட்ல எம் பேரு இருந்திருந்தா திரும்ப வந்திருப்பாங்க. நீங்க தெரிஞ்சுதான் விட்டீங்கன்னு அம்மா சொல்லுது. நல்ல புள்ளன்னு ஒரே பேச்சு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அறை, பதிவு, எல்லாம் கையில். ஆனால் அவள் நன்றி சொல்லும் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவளாகவும் இருக்கிறாள், அதுவும் எரிச்சல்.

சொன்னேன். அண்ணன் கதை தெரியாது, நீ பாடக் கூடாது என்றுதான் விட்டேன் என்று.

வாழைப்பழச் சீப்பை மேசையில் வைத்தாள்.

"கைத்தட்டுனேனே நான்."

"ஓம்."

செருப்பைப் போட்டாள். கேற்றடி வரை போய்த் திரும்பினாள்.

"அம்மா கட்டில் போட்டு வச்சிருச்சு. நாளைக்கு சாமான எடுத்துட்டு வா. அதுகிட்ட ஒண்ணும் சொல்லாத. எங்கிட்டயும் பேசாத."

அக்கா இல்லை. வாங்க இல்லை.

இரண்டு பெட்டி, ஒரு பை. பெட்சீற் இன்னும் காயவில்லை, ஈரத்தோடு மடிக்கிறேன்.